லிண்ட்சி வானின் வலது முழங்கால்: பிரேஸ் எதைத் தாங்கும், எதைத் தாங்காது

ஏசிஎல் எனப்படும் முன்குறுக்குத் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சையும் முடிந்து, ஓரளவு இயல்பாக நடக்கத் தொடங்கிய பனிச்சறுக்கு வீரர் மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பிரேஸ் எனப்படும் முழங்கால் தாங்கியைப் போட்டுக்கொண்டால் இந்தப் பருவத்திலேயே சறுக்கப் போகலாமா? தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டிய இரண்டு கேள்விகள் இதற்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முழங்கால் சறுக்கத் தயாராகிவிட்டதா என்பது ஒன்று. தயாராகிவிட்ட முழங்காலுக்கு பிரேஸ் கூடுதல் பாதுகாப்புத் தருமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஆம் என்று சொல்ல ஓரளவு நல்ல சான்றுகள் உண்டு. அந்த ஆம் என்பதை முதல் கேள்விக்கான பதிலாகவும் எடுத்துக்கொள்ளும்போதுதான் பல முழங்கால்கள் மறுபடியும் கெடுகின்றன.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவும் நிகழ்வாக, அமெரிக்க வீராங்கனை லிண்ட்சி வானின் வலது முழங்காலுக்கு 2013 பிப்ரவரி முதல் 2015 ஜனவரி வரை நேர்ந்தவற்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரே ஆளின் ஒரே முழங்கால், ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு மீள்வருகைகள், ஒன்று தோல்வி, மற்றொன்று வெற்றி. ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எளிதில் கிடைக்காது. அவருடைய மருத்துவக் கோப்பு நம் கையில் இல்லை. ஊடகங்களில் பதிவானவையும் அவரே வெளிப்படையாகச் சொன்னவையும் மட்டுமே இந்த ஆய்வுக்கு ஆதாரம். அவற்றின் மீது நான் வைக்கும் விளக்கம் என்னுடையது.

காயம்

2013 பிப்ரவரி 5 அன்று ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங் நகரில் உலக சாம்பியன்ஷிப்பின் சூப்பர்-ஜி எனப்படும் அதிவேகச் சறுக்குப் போட்டி, மூடுபனியால் மணிக்கணக்கில் தள்ளிப்போன பிறகு தொடங்கியது. ஒரு தாவலுக்குப் பிறகு தரையிறங்கிய வானின் வலது ஸ்கீ (சறுக்குப் பலகை) மென்மையான பனியில் சிக்கியது. முழங்கால் மடங்க, உடல் முன்னோக்கித் தூக்கியெறியப்பட்டது. ஹெலிகாப்டரில் கொண்டுசெல்லப்பட்ட அவருக்கு ஏசிஎல்லும், எம்சிஎல் எனப்படும் உட்பக்கத் தசைநாரும் கிழிந்திருந்தன. கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டில், வெளிப்பக்கமாக, ஒரு முறிவும் இருந்தது.

இந்த மூன்றும் சேர்ந்து நிகழ்வதில் வியப்பில்லை. பாதமும் கணுக்காலும் கடினமான பூட்ஸுக்குள் இறுகியிருக்க, ஸ்கீயின் நீளம் முழுவதும் ஒரு நெம்புகோலாகி முழங்காலைத் திருப்புகிறது. முழங்கால் உள்நோக்கி மடங்கினால் உட்பக்கத் தசைநார் இழுபடும், வெளிப்பக்கத்தில் எலும்போடு எலும்பு மோதும், கீழ்க்கால் எலும்பு திருகிக்கொண்டு முன்னோக்கி நழுவும்போது ஏசிஎல் அறுபடும். ஸ்கீயைப் பூட்ஸோடு இணைக்கும் பைண்டிங், விழும்போது கழன்றுகொண்டு காலைக் காப்பாற்ற வேண்டிய பொறி. அதன் வடிவமைப்பு பெரும்பாலும் கீழ்க்கால் எலும்பு முறியாமல் காப்பதை மனத்தில் வைத்து உருவானது. அந்த வேலையை அது நன்றாகவே செய்துவருகிறது. ஆனால் ஏசிஎல்லைக் கிழிக்கும் பல அசைவுகளில், பைண்டிங் கழலும் அளவுக்கு விசை சேர்வதற்கு முன்பே தசைநார் அறுந்துவிடுகிறது. நோர்வேயைச் சேர்ந்த டோனே பேரேயும் அவருடைய குழுவினரும் உலகக் கோப்பைப் போட்டிகளில் நிகழ்ந்த 20 ஏசிஎல் காயங்களின் காணொளிகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டபோது, அவற்றில் பெரும் பங்கு, வீரர் கீழே விழுவதற்கு முன்பே நிகழ்ந்தவை என்பது தெரியவந்தது. வெளிப்பக்க ஸ்கீ பிடி நழுவி, மீண்டும் சட்டென்று பனியைக் கவ்வும் அந்த நொடியிலேயே முழங்கால் உள்நோக்கித் திருகிவிடுகிறது. விழுந்ததால் கிழிந்தது என்று வீரர் நினைப்பார். உண்மையில் கிழிந்ததால் விழுந்திருப்பார்.

வானுக்கு அறுவை சிகிச்சை செய்தவர் கொலராடோவின் வெய்ல் நகரத்து மருத்துவர் வில்லியம் ஸ்டெரெட். பனிச்சறுக்கு வீரர்களும் முழங்கால் பிரேஸும் குறித்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்றுக்கு முதல் ஆசிரியரும் இவரே. அந்த ஆய்வைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சோச்சியை நோக்கிய ஓட்டம்

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சோச்சி குளிர்கால ஒலிம்பிக். வான்கூவரில் 2010இல் வென்ற டவுன்ஹில் (மிக வேகமான சரிவிறங்கு போட்டி) தங்கத்தைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும் என்பது வானின் இலக்கு. ஆக, மறுவாழ்வுப் பயிற்சியின் இறுதித் தேதியை முழங்கால் தீர்மானிக்கவில்லை, போட்டி அட்டவணை தீர்மானித்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஏறத்தாழ ஏழு மாதங்களில், தென்கோளத்தின் குளிர்காலத்தைப் பயன்படுத்திக்கொண்டு, சிலி நாட்டுப் பனியில் அவர் மீண்டும் சறுக்கினார். பயிற்சி நன்றாகச் சென்றதாகவே செய்திகள் வந்தன. நவம்பர் 19 அன்று கொலராடோவின் காப்பர் மவுண்டனில் பயிற்சியின்போது விழுந்தார்; புதிதாகப் பொருத்தப்பட்டிருந்த ஏசிஎல் பகுதியாகக் கிழிந்தது.

இங்கே நேர்மையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். பிப்ரவரி 10ஆம் தேதி அறுவை சிகிச்சையிலிருந்து கணக்கிட்டால், இந்த விபத்து ஒன்பது மாதங்களைத் தாண்டிய பிறகே நிகழ்ந்தது. ஏசிஎல் மறுசீரமைப்புக்குப் பின் ஒன்பது மாதங்களுக்குள் விளையாடத் திரும்பக்கூடாது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விதி. ஹெகே கிரிண்டெமும் அவருடைய குழுவினரும் டெலவேர், ஆஸ்லோ ஆகிய இடங்களின் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய வீதம் 51 சதவீதம் குறைந்தது. தொடைத்தசை வலிமை, தாவல் சோதனைகள் உள்ளிட்ட அளவுகோல்களில் தேறியவர்களில் 5.6 சதவீதம் பேருக்கும், தேறாமல் திரும்பியவர்களில் 38.2 சதவீதம் பேருக்கும் முழங்கால் மறுபடி காயப்பட்டது. கால்பந்து போல ஓடித் திரும்பும் விளையாட்டுகளுக்குத் திரும்பியவர்களிடமிருந்து கிடைத்த எண்கள் இவை. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் இறங்கும் டவுன்ஹில் போட்டிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. கிழிந்த ஏசிஎல்லுக்குப் பதிலாக அறுவை சிகிச்சையில் பொருத்தப்படும் ஒட்டுத் தசைநார் உயிருள்ள ஏசிஎல்லைப் போன்ற திசுவாக மாற ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை ஆகிறது. அந்த வேகத்தில் விழுந்தால் காயமே படாத ஏசிஎல்கூடக் கிழியும். எனவே நவம்பர் விபத்தை அவசரத்தின் விளைவு என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அதன் பிறகு எடுக்கப்பட்ட முடிவுதான் இந்த நிகழ்வின் மையம்.

பகுதியாகக் கிழிந்த ஏசிஎல்லோடு, வலது முழங்காலில் பிரேஸ் அணிந்துகொண்டு, டிசம்பர் முதல் வாரத்தில் கனடாவின் லேக் லூயிஸில் அவர் போட்டியில் இறங்கினார். முதல் டவுன்ஹில்லில் 40ஆம் இடம், மறுநாள் 11ஆம் இடம், அதற்கு அடுத்த நாள் சூப்பர்-ஜியில் 5ஆம் இடம். இந்த ஏறுவரிசையைப் பார்த்தவர்களுக்கு பிரேஸ் தன் வேலையைச் செய்கிறது என்று தோன்றியிருக்கும், அவருக்கும் அப்படியே தோன்றியிருக்கக்கூடும். டிசம்பர் 21 அன்று பிரான்சின் வால் டிசேரில் நடந்த டவுன்ஹில்லில், சரிவு குழிந்து உடல் எடை பன்மடங்காகக் காலின் மீது அழுந்தும் ஓர் இடத்தில் வலது முழங்கால் விட்டுக்கொடுத்தது. ஸ்கீயை மறுபடி அழுத்த முயன்றபோது மறுபடியும் விட்டுக்கொடுத்தது. பாதையைக் குறிக்கும் கம்பங்களான அடுத்த கேட்டைத் தவறவிட்டு நின்றார். அவர் அங்கே கீழே விழவில்லை, வேறெவரும் மோதவுமில்லை. சுமை ஏறியது, முழங்கால் நிற்கவில்லை. பரிசோதனையில் உட்பக்கத் தசைநாரும் சுளுக்கியிருந்தது தெரிந்தது. 2014 ஜனவரி 7 அன்று, இந்த மட்டத்தில் போட்டியிட முடியாத அளவுக்கு முழங்கால் நிலையற்று இருப்பதாகச் சொல்லி ஒலிம்பிக்கிலிருந்து விலகினார்.

பிரேஸ் உண்மையில் என்ன செய்கிறது

வால் டிசேரில் என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தச் சட்டத்துக்கும் எலும்புக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முழங்கால் பிரேஸ் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் புழங்குகின்றன. அறுவை சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் அணியும் நீண்ட பிரேஸ், முழங்கால் மடங்கும் கோணத்தைக் கட்டுப்படுத்துவதற்கானது. இழுவைத் துணியாலோ நியோபிரீனாலோ ஆன உறை, வெதுவெதுப்பும் தோலின் வழியே ஓர் உணர்வும் தரும். வீக்கத்துக்கும் நம்பிக்கைக்கும் உதவும். மூட்டின் நழுவலைத் தடுக்காது. மூன்றாவது, கார்பன் இழையாலோ அலுமினியத்தாலோ ஆன விறைப்பான சட்டமும் இருபுறமும் கீல்களும் கொண்ட செயல்வகை பிரேஸ். பனிச்சறுக்குக்குத் திரும்புவது பற்றிப் பேசும்போது பொருட்படுத்த வேண்டியது இது மட்டுமே.

இந்தச் சட்டம் தொடையின் மீதும் கீழ்க்கால் எலும்பின் முன்பகுதி மீதும் அழுந்தி, கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவுவதையும், கால் முழுவதுமாக நீண்டுவிடுவதையும், முழங்கால் பக்கவாட்டில் மடங்குவதையும் எதிர்க்கிறது. ஆனால் அது எலும்பைப் பிடிக்கவில்லை. தோல், கொழுப்பு, தசை ஆகியவற்றின் வழியாகவே பிடிக்கிறது. கீழ்க்காலின் முன்பக்கம் எலும்பு தோலுக்கு அடியிலேயே இருப்பதால் அங்கே பிடி நன்றாக இருக்கும். தொடையிலோ சதை அமுங்கிக்கொடுக்கும். சட்டம் தன் விறைப்பை எலும்புக்குக் கடத்துவதற்குள், உள்ளே எலும்பு சில மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டிருக்கும். ஏசிஎல்லுக்கு அந்தச் சில மில்லிமீட்டர்தான் எல்லாம்.

வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் புரூஸ் பெய்னனும் அவருடைய குழுவினரும் உயிருள்ள மனிதர்களின் ஏசிஎல்லிலேயே நுண்ணிய அளவுமானியைப் பொருத்தி அதன் இழுபாட்டை அளந்தார்கள். முழங்காலில் ஏறிய தள்ளுவிசை நூறு, நூற்றைம்பது நியூட்டன் என்ற அளவில் இருந்தபோது பிரேஸ் இழுபாட்டைக் குறைத்தது. இளவயதினரின் நலமான ஏசிஎல் அறுவதற்கோ ஏறத்தாழ 2,000 நியூட்டன் தேவை. நடப்பது, படியிறங்குவது போன்ற இயல்பான அசைவுகளின் எல்லையில் பிரேஸ் பங்களிக்கிறது; தசைநாரை அறுக்கும் விபத்தின் எல்லை வெகு தொலைவில் இருக்கிறது. அதே குழு ஏசிஎல் இல்லாத முழங்கால்களில் பின்னர் செய்த ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது. கால் தொங்கிக்கொண்டிருக்கும்போதும், எடை தாங்கி நிற்கும்போதும் பிரேஸ் கீழ்க்கால் எலும்பின் நிலையைச் சீர்படுத்தியது. ஆனால் எடையில்லா நிலையிலிருந்து எடை தாங்கும் நிலைக்கு மாறும் அந்தக் கணத்தில், எலும்பு முன்னோக்கி நழுவுவதை அது தடுக்கவில்லை. பனிச்சறுக்கு என்பது இந்த மாற்றத்தின் இடையறாத தொடர்தான்: ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கால் இலேசாகி மறு கால் சுமையேறுகிறது, ஒவ்வொரு தாவலிலும் இரண்டுமே வெறுமையாகிப் பின் ஒரே அடியாகச் சுமையேறுகின்றன. வால் டிசேரின் குழிவில் வானின் முழங்கால் விட்டுக்கொடுத்தது இப்படி ஒரு மாற்றத்தில்தான் என்று நான் கருதுகிறேன். லேக் லூயிஸில் மூன்று நாள் தாங்கிய பிரேஸ் அங்கே பழுதாகிவிடவில்லை; அதன் எல்லைக்கு வெளியே இருந்த வேலை அதன்மேல் சுமத்தப்பட்டது.

உட்பக்கத் தசைநாரின் கதை சற்று மாறுபட்டது. பக்கவாட்டு மடங்கலை இருபக்கக் கீல்கள் நேரடியாக எதிர்ப்பதால், எம்சிஎல் மட்டும் சுளுக்கிய முழங்காலுக்குக் கீல் பிரேஸ் நல்ல துணை. பெரும்பாலான எம்சிஎல் காயங்கள் அறுவை சிகிச்சையின்றியே ஆறுபவையும்கூட. ஒரே முழங்காலில் இரண்டு தசைநார்களும் காயப்பட்டிருந்தால், பிரேஸ் ஒன்றுக்கு அதிகமாகவும் மற்றதற்குக் குறைவாகவும் உதவுகிறது என்பதை வீரருக்கு எடுத்துச்சொல்ல வேண்டும்.

வெய்ல் நகரத்துச் சான்று

இவ்வளவும் படித்தவருக்கு பிரேஸ் வீண் என்று தோன்றலாம். அப்படித் தோன்றக்கூடாது. ஏசிஎல் மறுசீரமைப்புக்குப் பின் எல்லோருக்கும் வழக்கமாக பிரேஸ் தருவதற்கு ஆதரவான சான்று மெலிந்தது என்பது உண்மை. அமெரிக்க ராணுவக் கல்விக்கூடங்களில் 100 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து நடத்தி 2004இல் வெளிவந்த ஆய்வில், இரண்டாண்டு கழித்து பிரேஸ் அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் முழங்காலின் உறுதியிலோ மறுகாயத்திலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் பனிச்சறுக்குக்கு என்று தனியே தேடினால் படம் மாறுகிறது.

வெய்ல் நகரத்தில் பனிச்சறுக்குத் தளப் பணியாளர்கள் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் முழங்கால் பரிசோதனைக்கு வருவார்கள். பயிற்றுநர்களும் மீட்புக் காவலர்களுமான இவர்கள் நாள்தோறும் சறுக்குபவர்கள். அத்தகைய ஆய்வுக்குப் பொருத்தமானவர்கள். மினிந்தர் கோச்சரும் ஸ்டெரெட் உள்ளிட்ட சக மருத்துவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஏசிஎல் இல்லாமலே சறுக்கும் 180 பணியாளர்களில் பிரேஸ் அணிந்த 101 பேரில் 2 சதவீதத்தினரும், அணியாத 79 பேரில் 13 சதவீதத்தினரும் மறுபடி முழங்காலில் காயப்பட்டார்கள். ஸ்டெரெட் முதல் ஆசிரியராக 2006இல் வெளிவந்த ஆய்வு, ஏசிஎல் மறுசீரமைப்பு முடிந்து குறைந்தது இரண்டாண்டு ஆன 820 பணியாளர்களைப் பற்றியது. அவர்களில் பிரேஸ் அணிந்தவர்கள் 257 பேர், அணியாதவர்கள் 563 பேர். அணியாதவர்களுக்கு மறுகாய வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு.

இந்த எண்களை நான் மதிக்கிறேன். பனிச்சறுக்குக்குத் திரும்பும் என் வாசகர் பிரேஸ் வாங்கலாமா என்று கேட்டால் இவற்றை வைத்தே ஆம் என்பேன். ஆனால் இவை யாரைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கே குலுக்கல் இல்லை. பிரேஸ் அணிந்தவர்கள் இயல்பிலேயே எச்சரிக்கையானவர்களாக இருந்திருக்கலாம். 2006 ஆய்வில் இருந்தவர்களுக்கு ஒட்டுத் தசைநார் முதிர இரண்டாண்டு கிடைத்திருந்தது, தசைகள் வேலைச் சுமைக்குப் பழகியிருந்தன, அவர்கள் பந்தயத்தில் இறங்கவுமில்லை. சட்டத்தின் விறைப்பு சில நூறு நியூட்டன்களைக்கூடத் தாங்காதபோது இந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு என் விளக்கம் இது: முழங்கால் முழுவதுமாக நீளும் கடைசிச் சில பாகைகளை பிரேஸ் மறுக்கிறது, உள்நோக்கி மடங்கும் சரிவைத் தாமதப்படுத்துகிறது, தோலின் மீதான அழுத்தத்தால் முழங்காலின் நிலையை ஓயாமல் நினைவூட்டுகிறது, அதைக் கேட்டுச் செயல்பட வலுவான தசை இருக்கும்போது அந்தச் சிறு தாமதம் பயன்படுகிறது. ஏசிஎல் இல்லாமலே பிரேஸோடு சறுக்கிய 2003 குழுவினர் தப்பித்ததும், டவுன்ஹில் சரிவில் வான் தப்பாததும் முரணாகத் தோன்றினாலும், வேகமும் சுமையும் வேறு என்பதால் முரண் அல்ல.

இரண்டாம் மீள்வருகை

2014 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் அவருடைய வலது முழங்காலில் மறுபடி அறுவை சிகிச்சை செய்தார். இம்முறை கண்ணெதிரே ஒலிம்பிக் இல்லை. அது பிப்ரவரியில் அவர் இல்லாமலே நடந்து முடிந்தது. டவுன்ஹில் தங்கத்தை டீனா மாசேயும் டொமினிக் கிசினும் ஒரே நேரப்பதிவோடு பகிர்ந்துகொண்டார்கள். ஒரு வீராங்கனைக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பதை வெளியிலிருந்து அளவிட முடியாது. முழங்காலுக்கோ அந்த இழப்பு ஏறத்தாழ பதினோரு மாதங்களைப் பெற்றுத் தந்தது. இலையுதிர்காலத்தில் பனிக்குத் திரும்பி, டிசம்பரில் லேக் லூயிஸில் போட்டிக்கு வந்தார். முதல் டவுன்ஹில்லில் 8ஆம் இடம். டிசம்பர் 6 அன்று இரண்டாவது டவுன்ஹில்லில் வெற்றி. 2015 ஜனவரி 19 அன்று இத்தாலியின் கோர்ட்டினா தம்பெட்ஸோவில் சூப்பர்-ஜியை வென்றபோது அது அவருடைய 63ஆவது உலகக் கோப்பை வெற்றி. ஆஸ்திரியாவின் ஆன்னமரி மோசர்-ப்ரோலின் 62 வெற்றிகள் என்ற நீண்டகாலச் சாதனை கடக்கப்பட்டது.

ஒரு முழங்காலின் இரண்டு பயணங்களை ஒப்பிடும்போது எல்லாமே சமமாக இருந்தது என்று கொள்ள முடியாது. அறுவை சிகிச்சை வேறு, மருத்துவர் வேறு, முதல் முறை இருந்த எலும்பு முறிவு இரண்டாம் முறை புதிதாக இல்லை. அப்படியிருந்தும் 2013 டிசம்பரையும் 2014 டிசம்பரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கண்ணில் படுவது ஒன்று: முதலாவதில் பிரேஸுக்கு உள்ளே நின்றுபிடிக்கும் தசைநார் இல்லை, இரண்டாவதில் இருந்தது. அதே வீராங்கனை, அதே லேக் லூயிஸ், ஓராண்டு இடைவெளி. காலண்டரில் உள்ள மாதங்களை எந்தச் சட்டத்தாலும் ஈடுகட்ட முடியவில்லை.

அந்த முழங்காலின் கணக்கு அங்கே முடிந்துவிடவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பிற்காலத்தில் தேய்மானம் முற்றி, ஓய்வுபெற்று ஐந்தாண்டு கழித்து 2024 ஏப்ரலில் வலது முழங்காலில் பகுதி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் உலகக் கோப்பைக்குத் திரும்பினார். 2025 மார்ச்சில் சன் வேலியில் சூப்பர்-ஜியில் இரண்டாம் இடம் பெற்றார். ஏசிஎல் கிழிந்த முழங்காலில், சீராகத் தைக்கப்பட்டிருந்தாலும், பிற்காலத் தேய்மானத்துக்கான வாய்ப்பு மிகுதி. நிலையற்ற மூட்டில் நேரும் ஒவ்வொரு நழுவலும் குருத்தெலும்பையும், மூட்டின் இடைத்தட்டான மெனிஸ்கஸையும் அரைக்கிறது. ஒரு பருவத்தைக் காப்பாற்றச் சறுக்குபவர் இந்த நீண்ட கணக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பந்தயத்தில் இறங்காத சறுக்கு வீரருக்கு

விடுமுறைக்குச் சறுக்குபவருக்கு ஒலிம்பிக் தேதி இல்லை; முன்பதிவு செய்த பயணம் இருக்கும், காத்திருக்கும் நண்பர்கள் இருப்பார்கள், அவையும் அதே வேலையைச் செய்யும். அவர் முதலில் கேட்க வேண்டியது முழங்காலின் தயார்நிலையை. வீக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். கால் முழுதாக நீள வேண்டும். தொடை முன்தசையின் வலிமை மறுகாலோடு ஒப்பிட 90 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இந்த ஒப்பீட்டில் ஒரு பொறி உண்டு. மாதக்கணக்கில் ஓய்விலிருந்தால் நலமான காலும் மெலிகிறது, இரண்டும் மெலிந்து சமமாக இருப்பதைத் தேர்ச்சி என்று எடுத்துக்கொண்டுவிடுகிறோம். அறுவை சிகிச்சைக்கு முன்பே நலமான காலின் வலிமையை அளந்து வைத்துக்கொண்டால் இதைத் தவிர்க்கலாம். பனிச்சறுக்கில் தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் வேலை மிகுதி என்பதால், மெதுவாகக் கீழிறங்கும் ஒற்றைக்கால் குந்தல் போன்ற பயிற்சிகளைத் தொடை சோர்ந்த நிலையிலும் முழங்கால் உள்ளே சாயாமல் செய்ய முடிகிறதா என்று பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டும். முதல் பத்தை எல்லோரும் அழகாகச் செய்வார்கள். அதற்குப் பிந்தையவைதான் உண்மையைச் சொல்லும்.

இவை தேறிய பிறகு பிரேஸ். அளவெடுக்கப் போகும்போது ஸ்கீ பூட்ஸையும் எடுத்துச்செல்லுங்கள். பலர் இதைத் தவறவிட்டுப் பனியில் போய் நின்ற பிறகே பிரேஸின் கீழ்முனை பூட்ஸின் மேல்விளிம்பில் இடிப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். முழங்காலை முன்னோக்கி அழுத்தும்போது பூட்ஸ் பிரேஸை மேலே தள்ளும், கீல் மூட்டின் அச்சை விட்டு விலகும், அப்போது பிரேஸ் பாதுகாப்பு தருவதற்குப் பதிலாக இயல்பான மடக்கலோடு மல்லுக்கட்டும். நாற்காலியின் நுனியில் அமர்ந்து, பாதம் தரையில் பட, முழங்காலைச் சற்றே மடக்கிய நிலையில் அணிய வேண்டும். கீலின் நடுப்பகுதி முழங்கால் சில்லின் மையத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி அமர வேண்டும். முதலில் இறுக்க வேண்டியது, முழங்காலுக்குக் கீழே, கெண்டைச் சதையின் புடைப்புக்கு மேலாகப் பின்புறம் செல்லும் பட்டை. பிரேஸ் நழுவி இறங்காமல் தொங்கிப் பிடிப்பது அதன் வேலை. மற்றப் பட்டைகள் தயாரிப்பாளர் குறித்த வரிசையில். தடித்த பனிக்கால்சட்டைக்கு மேல் அணிந்தால் துணியோடு சேர்ந்து வழுகும்; தோலோடு ஒட்டும் மெல்லிய உள்ளாடைக்கு மேல் அணிவதே சரி. இரண்டு மூன்று முறை இறங்கியதும் பட்டைகளை மறுபடி இறுக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் தசை சூடேறி வடிவம் மாறும். கால் முழுதாக நீளாமல் நிறுத்தும் தடை எத்தனை பாகையில் இருக்க வேண்டும் என்பதை அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் சொல்ல வேண்டும், கடைக்காரர் அல்ல.

பைண்டிங்கைப் பழைய அளவிலேயே விட்டுவிடுவது நான் அஞ்சும் பிழை. ஐஎஸ்ஓ 11088 தரவிதி எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், சறுக்கும் பாணி ஆகியவற்றைக் கொண்டு கழல் அளவைத் தீர்மானிக்கிறது. காயத்துக்குப் பிந்தைய ஒருவர் தன் பாணியை எச்சரிக்கையானவர் என்றே மனமாரச் சொல்லி, பயிற்சி பெற்ற தொழில்நுட்பரிடம் புதிதாக அளவு வைத்துக்கொள்ள வேண்டும். பிரேஸ் பைண்டிங்கின் வேலையைச் செய்யாது.

விழும் முறையைக் கற்றுக்கொள்வது பிரேஸைவிட மலிவானது; குறைந்தது அதே அளவு பயனுள்ளது. கார்ல் எட்லிங்கர், ராபர்ட் ஜான்சன், ஜாஸ்பர் ஷீலி ஆகியோர் பொழுதுபோக்குச் சறுக்கலில் ஏசிஎல் கிழிவதன் ஒரு முக்கிய வழியை விளக்கினார்கள்: உடல் பின்னோக்கிச் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கி, மேல்சரிவுக் கை பின்தங்கி, மேல்சரிவு ஸ்கீயில் எடையே இல்லாமல், கீழ்ச்சரிவு ஸ்கீயின் வால் பகுதியின் உள்விளிம்பு மட்டும் பனியைக் கவ்வும் நிலை. அங்கே ஸ்கீயின் வால், பாதத்துக்குப் பின்னால் நீளும் இன்னொரு பாதம்போல முழங்காலைத் திருகுகிறது. இந்த நிலையை அடையாளம் கண்டு கைகளை முன்னே கொண்டுவரவும், விழத் தொடங்கியபின் எழ முயலாமல் நழுவல் நிற்கும்வரை முழங்காலை மடக்கியே வைத்திருக்கவும் பணியாளர்களுக்குப் பயிற்சியளித்தபோது, கடுமையான முழங்கால் சுளுக்குகள் 62 சதவீதம் குறைந்ததாக 1995இல் அவர்கள் வெளியிட்டார்கள். விழும்போது தப்பித்துக்கொள்ள எழ முயல்வது மிகவும் இயல்பான உந்துதல். அதை அடக்கப் பழகுவதற்கு முதல் நாளின் மென்சரிவே சரியான இடம்.

முதல் சில நாட்கள் சீராகச் சமன்படுத்தப்பட்ட, அகன்ற, மென்மையான சரிவுகளில், தொடை எரியத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். அன்று மாலை முழங்கால் வீங்கினால் மறுநாள் சறுக்கக்கூடாது. வீக்கம், மூட்டு தாங்கமுடியாத சுமை ஏறியதற்கான நேரடி அறிவிப்பு. முழங்கால் ஒருமுறை விட்டுக்கொடுத்தாலும், வலி இல்லாவிட்டாலும், பிரேஸை இறுக்கிக்கொண்டு தொடராமல் பரிசோதனைக்குப் போக வேண்டும். எத்தனை பருவம் பிரேஸ் அணிவது என்பதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. வெய்ல் ஆய்வு இரண்டாண்டுக்குப் பிறகும் அணிந்தவர்களிடம் பயனைக் கண்டது என்பதால், ஒட்டுத் தசைநார் முதிரும் முதல் இரண்டு பருவங்களிலும் அணியச் சொல்வேன். அதன்பின் தசை வலிமைச் சோதனையை மறுபடி செய்து, வீரரும் மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்து முடிவெடுக்கலாம். பயிற்சியால் தொடையின் சுற்றளவு மாறியிருந்தால் பழைய சட்டம் பொருந்தாது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பூட்ஸோடு சென்று அளவைச் சரிபார்த்து, தேய்ந்த பட்டைகளையும் உள்திண்டுகளையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.